எட்டுப் பல் சக்கரம்

ஆஸ்பர் எண்ட் மதகின் பெரிய சக்கரத்துக்கு நாற்பத்திரண்டு பற்கள். அந்த ஏப்ரல் மாதத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பற்கள் உடைந்து ஆற்றில் விழுந்தன. மிச்சம் நாற்பது இருக்கிறதே என்று கேட்கலாம். வடிகால் வாரியமும் பின்னால் அப்படித்தான் கேட்டது.

கடல் ஏறும்போது மதகுக் கதவை இறக்க வேண்டும், இறங்கும்போது ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் வரும். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. ஆற்றைவிடத் தாழ்ந்து கிடக்கும் சமவெளி அது. கதவு இறங்காவிட்டால் உப்புத் தண்ணீர் கரைச்சாலை வீடுகளுக்குள் போய் அடுப்பங்கரையில் நிற்கும்.

கதவை ஏற்றி இறக்கும் வேலை எனிட் ஸ்கீல்ஸுடையது. கணவர் வால்டர் மதகுக் காவலராக இருந்து நுரையீரல் காய்ச்சலில் போனபின் பதினோரு வருஷமாக அவள்தான் பார்த்துவந்தாள். வயது ஐம்பத்து நான்கு. பல் உடைந்த இடம் வந்ததும் சக்கரம் வழுக்கும், கதவு ஒரு பக்கம் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். அப்போது ஓர் இரும்புக் கம்பியைப் பள்ளத்தில் கொடுத்து, வலது தோளை அதன்மேல் சாய்த்து, முழு எடையையும் போட்டுத் தள்ளுவாள். சக்கரம் அந்த இடத்தைத் தாண்டும். தோள் இரவெல்லாம் வலிக்கும். மே மாதத்துக்குள் அவளால் வலது கையைத் தூக்கித் தலைவாரிக்கொள்ள முடியவில்லை.

புதுச் சக்கரம் வேண்டும் என்று வாரியத்துக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். மூன்றாவது கடிதத்தில் 'குளிர்காலப் பேரலைக்கு முன்னால்' என்ற சொற்களுக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

வாரியம் சும்மா இருக்கவில்லை. அது 1974ஆம் வருஷம். அந்த வசந்தத்தில்தான் மூன்று சிறிய வாரியங்களை ஒன்றாக்கி, 'கீழ்நீர்ச் சமவெளி ஒருங்கிணைந்த வடிகால் வாரியம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய மூன்றுக்கும் தனித்தனி முத்திரை இருந்தது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற சண்டையில் மூன்று கூட்டங்கள் போயின. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாக ஒரு பதவிச் சின்னம் செய்வதென்று முடிவாயிற்று. வாரியத்தின் கீழ் இருந்த பதவிகளிலேயே மிகப் பழையது ஆஸ்பர் எண்ட் மதகுக் காவலர் பதவி. எனவே முதல் சின்னம் அந்தப் பதவிக்கு, நடுவில் ஒரு சக்கரத்தோடு. வாரியச் செயலர் திரு. லாம்ப்ளூ ஒழுங்கான மனிதர். எனிட்டின் மூன்று கடிதங்களிலும் 'சக்கரம்' என்ற சொல் இருப்பதைக் கவனித்து, அவற்றைச் சின்னக் கோப்பில் சேர்த்துவைத்தார்.

ஜூலையில் எனிட்டுக்கு அழைப்பு வந்தது. 'சக்கரம் தொடர்பாக' என்று அதில் இருந்தது. அவள் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, உடைந்த இடத்தின் அளவைக் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி நகரத்துக்குப் போனாள்.

கூட்ட அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தலைவர் மேஜர் ஃபென்விக் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், கேடயச் சின்னங்களை வகுத்துச் சான்றளிக்கும் கிழக்குக் கடற்கரைச் சின்னக் கழகத்திலிருந்து வந்திருந்த சர் பெரிகிரின். கழகத்தில் அவருடைய பதவிப் பெயர் 'நீலநாரை'. அந்தப் பதவிக்குரிய எனாமல் நாரை அவர் கழுத்தில் தொங்கியது. எல்லோரும் அவரை நீலநாரை என்றே அழைத்தார்கள். யாரும் சிரிக்காததைப் பார்த்து எனிட்டும் சிரிக்கவில்லை.

அவள் போனபோது விலாங்கு மீனைப் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. சின்னத்தில் ஒரு விலாங்கு இருக்கும் என்பது முந்திய கூட்டத்திலேயே தீர்மானமாகிவிட்டது. அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுதான் இப்போதைய பிரச்சினை. சின்னத்தில் வரும் உயிர்கள் கேடயம் பிடித்தவரின் வலப்பக்கம் பார்க்க வேண்டும், இடப்பக்கம் பார்த்தால் கோழைத்தனம் என்றார் நீலநாரை. விலாங்கு வளைந்து நெளிவதால் தலை வலப்பக்கமும் உடம்பின் பெரும்பகுதி இடப்பக்கமும் போகிறதே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். முக்கால் மணி நேரம் அது ஓடியது. எனிட் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒருவழியாக நீலநாரை அவள் பக்கம் திரும்பினார்.

"மிஸஸ் ஸ்கீல்ஸ், உங்க பதவி எவ்வளவு பழசுன்னு தெரியுமா? முந்நூத்தி நாப்பது வருஷம். இத்தனை காலமா ஒரு சின்னம்கூட இல்லாம எப்படித்தான் வேலை பார்த்தீங்களோ."

"இரும்புக் கம்பியாலதான்" என்றாள் எனிட். "சக்கரத்துல ரெண்டு பல்லு போச்சு. அளவு கொண்டாந்திருக்கேன்."

லாம்ப்ளூ உடனே குறித்துக்கொண்டார்: 'இரும்புக் கம்பி. காவலரின் மரபுக் கோலாக ஏற்பது பரிசீலிக்கப்படும்.'

எனிட் பேரலையைப் பற்றிச் சொன்னாள். கரைச்சாலையில் இருக்கும் ஆறு வீடுகளைப் பற்றிச் சொன்னாள். மேஜர் ஃபென்விக் இடைமறிக்காமல் கேட்டார். அவர் மரியாதை தெரிந்தவர். பிறகு எழுந்து நின்று பேசினார்.

"நான் ஒளிவு மறைவில்லாம சொல்றேன், மிஸஸ் ஸ்கீல்ஸ். தண்ணி வரும், போகும். அது தண்ணியோட சுபாவம். ஒரு வாரியம் அது பின்னாடியே ஓடிட்டிருக்க முடியாது. ஆனா சின்னம்னு ஒண்ணு செஞ்சு வச்சோம்னா, நாம போனாலும் அது நிக்கும். நீங்க சொல்ற சக்கரம் இன்னும் இருவது வருஷத்துல தேஞ்சு போயிடும். சின்னத்துல இருக்கிற சக்கரம் தேயாது. எதுக்கு முதலிடம்னு நீங்களே சொல்லுங்க."

அவள் சொன்னாள். அது குறிப்பேட்டில் ஏறவில்லை. காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை அலைக்கு மறுபடி தோளைக் கொடுத்தாள்.

செப்டம்பரில் நீலநாரை மதகைப் பார்க்க வந்தார். மேஜரும் லாம்ப்ளூவும் கூட வந்தார்கள். மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, சக்கரத்தை வரைந்தார். உடைந்த இடத்தை அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்ததும் எனிட்டுக்கு நம்பிக்கை வந்தது. தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள்.

"நாப்பத்திரண்டு பல்லையும் பதக்கத்துல போட்டா ரம்பம் மாதிரி தெரியும்" என்றார் நீலநாரை. "எட்டு போதும். எட்டுல ஒண்ணு உடைஞ்சிருக்கட்டும். அந்த உடைசல்ல ஒரு வரலாறு இருக்கு."

"அது ஏப்ரல்ல உடைஞ்சதுங்க."

"பாத்தீங்களா, அதுக்குள்ள அஞ்சு மாச வரலாறு."

ஒரு வாரம் கழித்து லாம்ப்ளூவிடமிருந்து கடிதம் வந்தது. உடைந்த பல்லுடன் கூடிய சக்கரம் சின்னத்தின் அங்கமாகச் சான்றளிக்கப்பட்டுவிட்டதால், அதைச் சரிசெய்வதோ மாற்றுவதோ சின்னத்தைப் பொய்யாக்கும் செயல். மறு உத்தரவு வரும்வரை சக்கரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. கடிதத்தோடு வந்த ஆள் இரும்புக் கம்பியையும் வாங்கிக்கொண்டு போனான். அதற்கு வெள்ளி முலாம் பூசுவார்களாம். எனிட் ஒரு வேலிக் கட்டையைத் தேடி எடுத்தாள். அது கம்பிக்குப் பாதிகூட ஆகாது.

அன்று சாயங்காலம் கரைச்சாலை சிரில் கோட்ஸ் வந்தான். சர்க்கரைக் கிழங்கு பயிரிடுகிறவன், வால்டரின் பள்ளிக்கூடச் சிநேகிதன். கடிதத்தை இரண்டு தடவை படித்தான்.

"எனிட், வேலையைப் போட்டுட்டு வந்துடேன். அந்த மேஜரே வந்து தோளைக் குடுக்கட்டும்."

"நான் போட்டுட்டு வந்தா தண்ணி மேஜர் வீட்டுக்கா போகும்? அவர் வீடு மேட்டுல இருக்கு. நேரா உன் வீட்டுக்குத்தான் வரும்."

சிரில் கடிதத்தை மடித்துக் கொடுத்தான். பிறகு, தன் அடுப்பங்கரையில் போன மாதம்தான் புதுத் தரைவிரிப்பு போட்டதாகச் சொன்னான். எனிட் சிரித்தாள். சிரித்ததில் தோள் வலித்தது. வாசலில் கிடந்த வாளியை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

வியாழக்கிழமைகளில் நூலக வண்டி வரும். எனிட் அதில் சின்னக்கலை பற்றி ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, மூன்று வாரம் அலைகளுக்கு நடுவில் படித்தாள். இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது. போரில் புறமுதுகு காட்டிய ஒருவருடைய சின்னத்தில், அவமானத்தின் அடையாளமாக ஒரு பொருளை உடைந்ததாகப் போட்டார்களாம். அந்த ஒருவர் இத்தாலிக்காரர். அதை அவள் எழுதவில்லை. மற்றபடி உள்ளதை உள்ளபடி எழுதி, மேஜருடைய நல்ல பெயரைப் பற்றித் தனக்குள்ள கவலையையும் சேர்த்து, வாரியத்துக்குத் தபாலில் போட்டாள்.

ஏப்ரலிலிருந்து மூன்று கடிதத்துக்கு அசையாத வாரியம் மூன்று நாளில் அவசரக் கூட்டம் கூடியது. மேஜர் தாம் எந்தப் போரிலும் முதுகைக் காட்டியதில்லை என்று பதிவுசெய்தார். நீலநாரை, உடைசல் வாரியத்தின் விருப்பத்தால் வந்தது என்று பதிவுசெய்தார். சின்னத்தில் சக்கரம் முழுதாக இருக்கும், மதகிலும் சின்னத்தில் உள்ளபடியே புதுச் சக்கரம் உடனே பொருத்தப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. எனிட்டுக்குத் தீர்மானத்தின் நகல் வந்தது. அன்று அவள் இடது கையால் தலையை நன்றாக வாரி, சிரில் வீட்டுக்குப் போய் ஒரு கிளாஸ் பீர் குடித்தாள்.

நவம்பர் நடுவில் லாரி வந்தது. நான்கு பேர் ஒரு பெட்டியை இறக்கினார்கள். வைக்கோலுக்குள் சக்கரம் இருந்தது. பார்க்க அழகாக, தங்க முலாமில் மின்னியது. அதற்கு எட்டுப் பல். ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி அளவு.

எனிட் சாலையோரத் தொலைபேசிக் கூண்டுக்கு நடந்தாள்.

"மிஸ்டர் லாம்ப்ளூ, சக்கரம் வந்திருக்கு. எட்டுப் பல்லுதான் இருக்கு."

"ஆமா. எதுவும் உடையலையே?"

"உடையல."

"அப்ப சரியாத்தானே இருக்கு."

"மதகுக்கு நாப்பத்திரண்டு வேணும். இது எதுலயும் கடிக்காது."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "மிஸஸ் ஸ்கீல்ஸ், ஏப்ரல்ல ரெண்டு பல்லு இல்லன்னு எழுதினீங்க. இப்ப முப்பத்திநாலு இல்லங்கறீங்க. வாரியம் உங்களை எப்படித்தான் திருப்திப்படுத்தும்னு எனக்குப் புரியல."

அவளுக்கும் புரியவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுக் கூண்டுக்குள்ளேயே நின்றாள். வெளியே காத்திருந்த ஒரு பெண், உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

பதவிச் சின்னம் சூட்டும் விழாவை நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு, மதகுப் பாலத்தின் மேலேயே வைத்திருந்தார்கள். அன்று பேரலை பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் என்று அலைக்குறிப்பில் இருந்ததை எனிட் எழுதித் தெரிவித்தாள். அலை நேரத்தை மாற்றுவது வாரியத்தின் அதிகாரத்தில் இல்லை, ஆனால் விழாவுக்கு அது தடையாக இராது என்று பதில் வந்தது.

அன்று வடக்குக் காற்று இரவிலிருந்தே மழையோடு வீசியது. பாலத்தின்மேல் மேடையும் கோடு போட்ட பந்தலும் கட்டியிருந்தார்கள். கரைச்சாலை ஜனங்கள் கரையில் நின்று, மேடையைவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனிட்டுக்கு ஒரு பச்சை அங்கி கொடுத்தார்கள். அது வால்டருக்கேகூடப் பெரிதாக இருந்திருக்கும். மேடையேறு முன்பே அவள் பத்தே முக்காலுக்குக் கதவை இறக்க ஆரம்பித்தாள். பாதி இறங்கியதும் உடைந்த இடம் வந்தது. வேலிக் கட்டையைக் கொடுத்தாள். அது இரண்டாக முறிந்தது. கதவு சாய்ந்து, அடியில் முழங்கால் உயரம் சந்து விட்டு நின்றுவிட்டது. அந்தச் சந்து வழியாகக் கடல் உள்ளே வர ஆரம்பித்தது.

மேடையில் மேஜர் பேசிக்கொண்டிருந்தார். அவர் கையில், வெல்வெட் சுற்றி, வெள்ளி முலாம் பூசிய இரும்புக் கம்பி இருந்தது. எனிட் மேடையேறி அதைக் கேட்டாள். கோல் ஒப்படைப்பு நிகழ்ச்சி நிரலில் ஏழாவது, இப்போது மூன்றாவதுதான் நடக்கிறது என்று லாம்ப்ளூ மெல்லிய குரலில் சொன்னார். அவள் மேஜர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனாள். முலாமும் மழையும் சேர்ந்து கம்பி சோப்புக் கட்டிபோல வழுக்கியது. மூன்று முறை முயன்றாள். மூன்றாவது முறை அது கையைவிட்டு நழுவி ஆற்றோடு போயிற்று.

சிரில் ஏற்கெனவே தன் டிராக்டரைக் கிளப்பியிருந்தான். அதன் முன்னால் மண் அள்ள மாட்டியிருந்த வாளியால் கதவின் தலையை அழுத்தினால் இறங்கிவிடும். ஆனால் பாலத்தில் மேடை நின்றது.

எனிட் மறுபடி மேடைக்கு வந்தாள்.

"எல்லாரும் இறங்குங்க. இங்க டிராக்டர் வரணும்."

இறங்குவதில் ஆட்சேபம் இல்லை என்றார் மேஜர். ஆனால் எந்த வரிசையில் என்பதற்கு முறை ஒன்று உண்டு. பதவியில் சிறியவர்கள் முதலில் இறங்க வேண்டும் என்றார் நீலநாரை. பழைய மூன்று வாரியங்களின் தலைவர்களும் இப்போது துணைத்தலைவர்களாக இருந்தார்கள். அவர்களில் சிறியவர் யார் என்று கேட்டபோது யாரும் கையைத் தூக்கவில்லை. நீலநாரை பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். மழையில் தாள்கள் ஒட்டிக்கொண்டன.

சிரில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தான். ஹாரன் அடிக்கவில்லை. முதல் பந்தற்கால் முறிந்த சத்தம் கேட்டதும் வரிசைப் பிரச்சினை தானாகத் தீர்ந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் இறங்கினார்கள். பந்தல் துணி வாளியில் சுற்றிக்கொண்டு கிழிந்தது.

கதவை அழுத்தி உட்காரவைக்க இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. எனிட் கதவோரம் முழங்கால் தண்ணீரில் நின்று கையைக் காட்ட, சிரில் அங்குலம் அங்குலமாக வாளியை இறக்கினான். நடுவில் நீலநாரை ஒரு பெட்டியோடு அவளிடம் வந்து, ஒரு நிமிஷம் நேராக நிற்கச் சொன்னார். அப்புறம் என்றாள். சிரிலின் மனைவி கரையிலிருந்து கத்தி, தண்ணீர் தங்கள் வாசலை எட்டிவிட்டது என்றாள். சிரில் திரும்பிப் பார்த்தான். வாளியை விட்டால் கதவு எழும்பிவிடும். அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு நாலுக்குக் கதவு அடியில் போய் உட்கார்ந்தது. பன்னிரண்டு பத்துக்கு, சேற்றில் உட்கார்ந்திருந்த எனிட்டின் அங்கியில் நீலநாரை பதக்கத்தைக் குத்தினார். கைதட்ட அப்போது அங்கே யாரும் இல்லை. எல்லோரும் வீடுகளுக்கு ஓடியிருந்தார்கள்.

ஆறு வீடுகளில் நான்கில் தண்ணீர் புகுந்தது. சிரில் வீட்டில் தரைவிரிப்பு மிதந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

டிசம்பரில் வாரியம் விசாரித்தது. முடிவு அச்சிட்டு வந்தது. கதவு மூடப்பட்டது பன்னிரண்டு நாலுக்கு. பதவிச் சின்னம் சூட்டப்பட்டது பன்னிரண்டு பத்துக்கு. ஆகவே கதவை மூடிய வேளையில் திருமதி ஸ்கீல்ஸ் சின்னமுடைய காவலர் அல்லர். வாரியத்தின் சொத்தை அதிகாரமின்றி இயக்கியவர். அவருடைய நீண்ட சேவையைக் கருதி, எழுத்துமூலக் கண்டிப்போடு விடப்படுகிறது. சேதமான பந்தலுக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.

எனிட் பதில் எழுதவில்லை. நேரே போனாள். இந்த முறை நல்ல கோட் போடவில்லை.

"நான் பதினோரு வருஷமா அங்க இருக்கேன்" என்றாள். "நாலு வீட்டுல இன்னும் சுவரு காயல. குழந்தைங்க மாடியில தூக்கிப் போட்ட நனைஞ்ச மெத்தையில படுத்திருக்கு. நீங்க ஒருத்தராவது வந்து பாக்கல. எனக்கு இதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல. ஒரு சக்கரம்தான் கேட்டேன்."

மேஜர் எழுந்து நின்றார். மனமிளகியவர்போலத் தெரிந்தது. சின்னத்தை மிஸஸ் ஸ்கீல்ஸ் இன்று அணிந்துவரவில்லையே, அதற்கு ஏதேனும் காரணம் உண்டா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எனிட் வாரியத்திடம் எதையும் கேட்கவில்லை. கம்பி போன நாள்முதல் அலைக்கு அலை சிரிலின் டிராக்டர்தான் கதவை இறக்கிவந்தது. ஜனவரி முதல் ஞாயிறு, கரைச்சாலை ஆட்கள் ஏழு பேர் பழைய சக்கரத்தின் அளவை அச்செடுத்து, சிரிலின் இழுவண்டியில் வைத்து, முப்பது மைல் தள்ளியிருந்த வார்ப்படப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மதகுச் சக்கரம் என்றால் வாரியத்தின் ஆணை வேண்டும் என்றான் பட்டறைக்காரன். கிழங்கு தோண்டும் இயந்திரத்துக்கு என்றான் சிரில். கிழங்குக்கு யார் ஆணையும் வேண்டாம். மூன்று வாரத்தில் நாற்பத்திரண்டு பல்லும் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த ஒரு காலையில், இரண்டு அலைகளுக்கு நடுவில், ஏழு பேரும் சேர்ந்து பொருத்தினார்கள். எனிட் கைப்பிடியைச் சுற்றினாள். கதவு மேலிருந்து கீழ்வரை நிற்காமல் இறங்கியது. அவள் மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினாள். யாரும் போதும் என்று சொல்லவில்லை.

ஏப்ரலில் வாரியத்தின் ஆண்டறிக்கை வெளிவந்தது. முதல் பக்கத்தில் விலாங்கு வலப்பக்கம் பார்த்தது. உள்ளே மேஜர் எழுதியிருந்தார்: பதவிச் சின்னம் சூட்டப்பட்ட வேளைமுதல் ஆஸ்பர் எண்ட் மதகில் ஒருமுறைகூடக் கடல்நீர் புகுந்ததில்லை. சின்னத்தின் பயன் இவ்வாறு ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிவிட்டதால், பழுதுபார்ப்புக் கோரிக்கை அனுப்பியுள்ள மற்றப் பதினோரு மதகுக் காவலர்களுக்கும் இவ்வாண்டு சின்னங்கள் வழங்கப்படும்.

எனிட் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தாள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பதினோரு பேருடைய பெயரும் விலாசமும் இருந்தன. அன்று மத்தியானம் அடுப்பங்கரை மேசையில் உட்கார்ந்து, ஒரே கடிதத்தைப் பதினோரு முறை எழுதினாள். சின்னம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் விசாரணை வைப்பார்கள் என்று ஆரம்பித்தாள். அடுத்த வரியில் பட்டறையின் விலாசம் இருந்தது. கேட்டால் கிழங்கு இயந்திரத்துக்கு என்று சொல்லவும்.

வாரியத்துக்கு நகல் அனுப்பவில்லை. தபால் பெட்டியில் போட்டுவிட்டு, சாயங்கால அலைக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தாள்.